எருக்குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி?

(பண்ணை வானொலியில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் விதை, உரம், பூச்சி, நோய் என்றுதான் பேசுவோம். இன்றைக்குக் குப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "குப்பையைப் பத்திப் பேச என்னங்க இருக்கு? கூட்டி அள்ளிக் கொட்ட வேண்டியதுதானே" என்று நினைக்காதீர்கள். கொட்டத்தான் வேண்டும். ஆனால் எங்கே கொட்டுகிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. நாம் கொட்டிய இடத்திலேயே குப்பை இருந்துவிடுவதில்லை. அதற்குக் கால் இல்லை. ஆனாலும் மழை பெய்தால் நடக்கும். நடந்து நேரே நம் கிணற்றுக்குத்தான் வரும்.

கிராமங்களுக்குப் போகும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "உங்க எருக்குழிக்கும் கிணத்துக்கும் எத்தனை அடி இருக்கும்?" பயிருக்குப் பயிர் எத்தனை அங்குலம் இடைவெளி என்று கேட்டால் பளிச்சென்று சொல்பவர்கள்கூட இந்தக் கேள்விக்கு யோசிக்கிறார்கள். தொழுவம் வீட்டுக்குப் பக்கத்தில், எருக்குழி தொழுவத்துக்குப் பக்கத்தில், கிணறோ போர் குழாயோ அதற்கும் பக்கத்தில். இப்போது கக்கூஸ் குழியும் சேர்ந்துகொண்டது. எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது சௌகரியம்தான். அந்தச் சௌகரியத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைப் பார்ப்போம்.

தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீரா?

முதலில் ஒரு பழைய கதை சொல்கிறேன். கதை என்றாலும் நடந்த கதை. 1854-ஆம் ஆண்டு லண்டன் நகரத்தில் பிராட் தெரு என்ற தெருவில் காலரா வந்தது. சில வாரங்களில் அந்தச் சுற்று வட்டாரத்தில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். கெட்ட காற்றால் காலரா வருகிறது என்றுதான் அந்தக் காலத்துப் படித்தவர்களே நம்பினார்கள். ஜான் ஸ்னோ என்ற டாக்டர் மட்டும் வீடு வீடாகப் போய் விசாரித்தார். இறந்தவர்களில் பெரும்பாலோர் அந்தத் தெருவிலிருந்த ஒரே அடிபம்பில் தண்ணீர் எடுத்தவர்கள். அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றச் செய்தார்.

பிறகு தோண்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. கிணற்றை ஒட்டிய வீட்டின் கழிவுக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 3 அடிகூட இல்லை. குழியின் செங்கல் கட்டு உளுத்துப் போயிருந்தது. அந்த வீட்டில் வயிற்றுப்போக்கில் கிடந்த ஒரு குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை அந்தக் குழியில்தான் ஊற்றியிருந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் கிணற்றுத் தண்ணீர் ருசியானது என்று பெயர் வாங்கியது. வேறு பகுதிக்குக் குடிபோன ஒரு அம்மாள், ருசிக்காகவே அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் வரவழைத்துக் குடித்தார். அவரும் காலராவில் இறந்தார். ஆகவே, "எங்க கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், இளநீர் மாதிரி இனிக்கும்" என்று சொல்வது பெருமையாக இருக்கலாம். அது நல்ல தண்ணீர் என்பதற்குச் சாட்சி ஆகாது.

அதற்கு 30 ஆண்டுகள் கழித்து, 1884-இல், ராபர்ட் கோக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி நம் நாட்டில் கல்கத்தாவுக்கு வந்து ஆராய்ந்தார். மக்கள் குடிக்கவும் குளிக்கவும் துணி துவைக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்தின் தண்ணீரிலேயே காலராக் கிருமியைக் கண்டுபிடித்தார். காற்றா தண்ணீரா என்ற சண்டைக்கு விடை கிடைத்தது.

நிலத்துக்குள் இறங்கும் இரண்டு பேர்

குப்பையிலிருந்தும் கழிவிலிருந்தும் நிலத்துக்குள் இறங்குகிறவற்றை இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டால் புரிந்துகொள்வது சுலபம். ஒன்று, கிருமி. மற்றொன்று, கரைந்த உப்பு. இரண்டு பேருடைய குணமும் வேறு வேறு. ஒருவருக்குச் செய்கிற மருந்து மற்றவருக்குப் பலிக்காது.

கிருமி உயிருள்ளது. நல்ல வண்டல் மண்ணும் நுண்மணலும் இருந்தால், ஈரம் தேங்காத அந்த மண் வழியே இறங்கும்போது சில அடிகளிலேயே பெரும்பாலான கிருமிகள் வடிகட்டப்பட்டு மடிந்துபோகும். மண்ணைப் போல ஒரு வடிகட்டி வேறில்லை. ஆனால் அந்த வடிகட்டி வேலை செய்ய வேண்டுமானால் மூன்று நிபந்தனைகள் உண்டு. மண் கனம் இருக்க வேண்டும். மண் நீரில் ஊறிக்கிடக்கக் கூடாது. அடியில் பாறை வெடிப்பு இருக்கக் கூடாது.

நம் தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கடினப்பாறைப் பகுதி. மேலே கொஞ்சம் செம்மண், அதன்கீழே சுக்கான், அதன்கீழே பாறை. கிணற்றுக்குத் தண்ணீர் வருவது அந்தப் பாறையின் வெடிப்பு வழியாகத்தான். ஊற்றுக்கண் திறந்தது என்று சந்தோஷப்படுகிறோமே, அந்தக் கண் ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பின் மறுமுனை எருக்குழிக்கு அடியில் இருந்தால் என்ன ஆகும்? வடிகட்ட மண்ணே இல்லை. குழாயில் வருகிற மாதிரி வந்துவிடும். கிணறு வெட்டும்போது எந்தத் திசையில் ஊற்று வருகிறது என்று பார்த்தவர்கள் ஊரில் இருப்பார்கள். அந்தத் திசையில் கழிவுக்குழி எதுவும் வேண்டாம்.

இரண்டாவது ஆள், கரைந்த உப்பு. இதில் முக்கியமானது நைட்ரேட். சாணம், மூத்திரம், சமையல் கழிவு, மலம் எல்லாவற்றிலும் தழைச்சத்து இருக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. பயிர் விரும்பிச் சாப்பிடுவதும் அதைத்தான். ஆனால் களிமண் துகளுக்கும் நைட்ரேட்டுக்கும் ஒரே ரக மின்னூட்டம். காந்தத்தின் ஒரே முனைகள் ஒன்றையொன்று தள்ளுவது போல, மண் நைட்ரேட்டைப் பிடித்து வைப்பதில்லை. பக்கத்தில் வேர் இருந்தால் வேர் எடுத்துக்கொள்ளும். எருக்குழிக்கு அடியில் வேர் ஏது? தண்ணீரோடு தண்ணீராகக் கீழே போய்விடும்.

கோடை முழுக்கக் குப்பைமேட்டில் சேர்ந்ததெல்லாம் முதல் பெருமழையில் ஒருசேர இறங்குகிறது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் ஊரில் வாந்தி, வயிற்றுப்போக்கு, காமாலை என்று கிளம்புவதைப் பார்க்கிறோம். "புதுத்தண்ணி ஒத்துக்கல" என்று சொல்வார்கள். புதுத் தண்ணீர் மேல் குற்றம் இல்லை. அது வருகிற வழியில் நாம் வைத்திருப்பதைத்தான் அது கொண்டுவருகிறது.

கொதிக்க வைத்தாலும் போகாதது

கிருமி, கொதிக்க வைத்தால் சாகும். பிளீச்சிங் பவுடருக்கும் சாகும். நைட்ரேட் இரண்டுக்கும் அசையாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் ஆவியாகி, மிச்சமுள்ள தண்ணீரில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இதனால் யாருக்கு ஆபத்து? பால் குடிக்கிற குழந்தைக்கு. 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்ற டாக்டர், பண்ணை வீட்டுக் கைக்குழந்தைகள் சிலருக்கு உடம்பு நீலம் பாய்வதைப் பார்த்தார். இதயத்தில் கோளாறு இல்லை. அந்த வீடுகளின் கிணற்று நீரில் நைட்ரேட் மிகுந்திருந்தது. அந்தத் தண்ணீரில்தான் புட்டிப்பால் கலக்கினார்கள். நைட்ரேட் குழந்தையின் உடலில் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடுகிறது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. தாய்மார்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்துக்குக்கூட இதில் தளர்வு கிடையாது. கிருமி விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. 100 மில்லி தண்ணீரில் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

நஷ்டக் கணக்கு ஒன்று பார்ப்போம்

"நோய் நொடியை விடுங்க சார், விவசாயத்துக்கு என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கிணற்றைக் கெடுக்கிற அதே சரக்குதான் உங்கள் வயலுக்குப் போயிருக்க வேண்டிய உரம்.

நன்றாகத் தயாரித்த தொழு உரத்தில் டன்னுக்குச் சுமார் 5 கிலோ தழைச்சத்து, 2 கிலோ மணிச்சத்து, 5 கிலோ சாம்பல் சத்து இருக்கும். 10 டன் எரு அடிக்கிறீர்கள் என்றால் 50 கிலோ தழைச்சத்து வயலுக்குப் போக வேண்டும். ஆனால் வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கிற குப்பைமேட்டில் பாதிச் சத்து வரைகூட வீணாகிவிடும். ஒரு பங்கு அமோனியா வாயுவாக மேலே போகும். மறு பங்கு மழையோடு கீழே போகும். போனது 25 கிலோ என்று வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய 54 கிலோ யூரியாவுக்குச் சமம். அதாவது 45 கிலோ மூட்டை ஒன்றும் அதற்கு மேலும். அந்த மூட்டையை எப்பாடுபட்டாவது கடையில் வாங்குகிறோம். வீட்டு வாசலில் இருந்த மூட்டையைத் தண்ணீரில் கரைத்துவிட்டோம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1 கிலோ தழைச்சத்து முழுதும் நைட்ரேட்டாக மாறினால் சுமார் 4.4 கிலோ நைட்ரேட் ஆகும். சுத்தமான தண்ணீர் 1 லட்சம் லிட்டரை, நான் சொன்ன அந்த 45 மில்லிகிராம் எல்லைக்கோட்டின் ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்த இந்த 1 கிலோ போதும். ஒரு குப்பைமேட்டிலிருந்து எத்தனை கிலோ இறங்குகிறது, ஊரில் எத்தனை குப்பைமேடு இருக்கிறது என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். நிலத்தடி நீர் ஒரு தடவை கெட்டால் மறு வருஷமே சரியாகிவிடாது. நல்ல மழை பல வருஷம் பெய்து, மேலே இருந்து இறங்குவதும் நின்றால்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும்.

எருக்குழியை எப்படி அமைப்பது?

முதலாவது, இடம். குடிநீர் எடுக்கிற கிணறு, போர் குழாய், அடிபம்பு எதிலிருந்தும் 50 அடி, அதாவது 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். தூரம் மட்டும் போதாது, நில வாட்டத்தையும் பாருங்கள். கிணறு மேட்டில், குழி பள்ளத்தில் இருக்க வேண்டும். குழி மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் இருந்தால் 50 அடியும் போதாது. அடியில் பாறை உள்ள இடத்தில் இன்னும் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். அதே சமயம், மழைநீர் தேங்குகிற பள்ளத்தின் அடிமடியிலும் குழி வேண்டாம்.

இரண்டாவது, அளவு. நீளம் 6 மீட்டர், அகலம் ஒன்றரை முதல் 2 மீட்டர், ஆழம் 1 மீட்டர். இதற்கு மேல் ஆழம் வேண்டாம். அடியில் களிமண் போட்டு நன்றாகத் திமிசு கட்டுங்கள். குழியைச் சுற்றி அரை அடி உயரம் வரப்பு கட்டினால் வெளியே ஓடுகிற மழைநீர் உள்ளே வராது. மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டால் மிக நல்லது.

மூன்றாவது, நிரப்பும் முறை. தொழுவத்தில் மாட்டின் கீழே வைக்கோல் கூளம், சருகு, கடலைத்தொலி, ஏதாவது பரப்புங்கள். மூத்திரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். சாணத்தைவிட மூத்திரத்தில்தான் சீக்கிரம் கரையும் தழைச்சத்து இருக்கிறது. நாம் சாணத்தை மட்டும் அள்ளிக்கொண்டு மூத்திரத்தைச் சாக்கடைக்கு விட்டுவிடுகிறோம். ஈரமான கூளத்தையும் சாணத்தையும் தினமும் சேர்த்து, குழியின் ஒரு முனையிலிருந்து போட்டு வாருங்கள். குழி முழுக்கப் பரப்பக் கூடாது. ஒரு பகுதி தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை முதல் 2 அடி உயர்ந்ததும், மேற்புறத்தைக் கூம்பாக்கி, சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். 4, 5 மாதத்தில் நல்ல மக்கிய எரு தயார்.

வீட்டுக் காய்கறிக் கழிவு, தோட்டத்துச் சருகு இவற்றையும் இதே குழியில் சேர்க்கலாம். இது புது விஷயம் இல்லை. ஆல்பர்ட் ஹோவார்டு என்ற வேளாண் அறிஞர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது, நம் நாட்டு விவசாயிகள் செய்வதைப் பார்த்துப் படித்துத்தான் இந்தூர் கம்போஸ்ட் முறையை வகுத்தார். குவியல் நன்றாக மக்கும்போது உள்ளே கைவைக்க முடியாத சூடு வரும். 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் நோய்க்கிருமியும் களைவிதையும் சாகும். ஆக, ஒழுங்காக மக்கிய எருவால் நிலத்துக்கும் லாபம், கிணற்றுக்கும் லாபம்.

கக்கூஸ் குழியும் செப்டிக் டாங்க்கும்

2014-இல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கிய பிறகு கிராமங்களில் வீட்டுக்கு வீடு கழிப்பறை வந்திருக்கிறது. மிக நல்ல காரியம். ஆனால் குழி எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

சிபாரிசு செய்யப்படுவது இரட்டைக் குழி முறை. இரண்டு குழிகள், ஒரு சமயத்தில் ஒன்று மட்டும் வேலை செய்யும். அது நிறைந்ததும் அடுத்ததுக்கு மாற்றிவிட வேண்டும். நிறைந்த குழியை ஒன்றரை, 2 வருஷம் மூடி வைத்தால் உள்ளே இருப்பது நாற்றமில்லாத எருவாகிவிடும். குழியின் அடிமட்டம், மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஏறுகிற மட்டத்துக்கு 2 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். "ஆழமா வெட்டினா சீக்கிரம் நிறையாது" என்று 20 அடி வெட்டுகிறவர்கள் உண்டு. அது கழிவுக்குழி அல்ல. நிலத்தடி நீருக்குள்ளேயே கழிவை விடுகிற துளை. அதுபோலவே, வற்றிப்போன பழைய கிணற்றையோ போர் குழியையோ கழிவு விடப் பயன்படுத்துவது ஊருக்கே செய்கிற துரோகம். வற்றிய கிணறு, ஊற்றோடு உறவு அறுந்த கிணறு இல்லை.

செப்டிக் டாங்க் வைத்திருப்பவர்கள் அதன் வெளிவாய்க் குழாயைத் தெருச் சாக்கடையில் விடாதீர்கள். டாங்க் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் அதில் கிருமி ஏராளம். அதை உறிஞ்சுகுழிக்குத்தான் விட வேண்டும். டாங்க்கைச் சுத்தம் செய்ய லாரி வரும்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஊர் ஓடையில் கொட்டினால் அது உங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும். மனிதரை உள்ளே இறக்கிச் சுத்தம் செய்யச் சொல்லாதீர்கள். விஷவாயுவால் ஒரு நொடியில் உயிர் போகும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும் ஆகும்.

சமையலறைத் தண்ணீரையும் குளித்த தண்ணீரையும் வாழைக்கும் கல்வாழைக்கும் தென்னைக்கும் திருப்பிவிடுங்கள். பாய இடமில்லாத வீட்டில் 1 மீட்டர் நீள, அகல, ஆழத்தில் உறிஞ்சுகுழி வெட்டி, அடியில் பெரிய கல், நடுவில் உடைகல், மேலே சிறு ஜல்லி என்று நிரப்பினால் போதும். தெருவில் தேங்காது, கொசுவும் குறையும்.

மக்காத சரக்கு

சாணமும் சருகும் மட்டுமே குப்பையாக இருந்த காலம் போய்விட்டது. இப்போது ஊர்க் குப்பையைக் கிளறினால் பிளாஸ்டிக் பை, பால் கவர், மாத்திரை அட்டை, டார்ச் செல், குழல்விளக்கு எல்லாம் வருகிறது. இவற்றை எருக்குழியில் போட்டால் எருவோடு வயலுக்குப் போகும். வயலில் பிளாஸ்டிக் படிந்தால் தண்ணீரும் இறங்காது, வேரும் போகாது. ஓடையில் போட்டால் மடையை அடைக்கும். சரி, கொளுத்திவிடலாம் என்றால் அதுவும் ஆகாது. பிளாஸ்டிக் எரிகிற புகையில் டயாக்சின் போன்ற நச்சு வருகிறது. செல்லில் உள்ள கன உலோகங்கள் எரிந்தும் அழியாமல் சாம்பலில் தங்கி, மழைக்குக் கரைந்து இறங்கும்.

வழி ஒன்றுதான். மக்கும் குப்பை ஒரு கூடை, மக்காத குப்பை ஒரு கூடை. பிரிக்க வேண்டிய இடம் நம் அடுப்படி. தெருவுக்கு வருகிற தூய்மைக் காவலர் கையில் பிரித்துக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்துவிட்டு, அவர் வெறுங்கையால் கிளறிப் பிரிக்கட்டும் என்று விடுவது நியாயம் இல்லை. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பல வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை இருக்கிறது. தாத்தா காலத்து மஞ்சள் பையைச் சந்தைக்கு எடுத்துப் போனால் பாதிக் குப்பை வீட்டுக்கே வராது.

விவசாயிகளுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பூச்சிமருந்து டப்பா. மருந்து கலக்குவதும், ஸ்பிரேயர் கழுவுவதும், காலி டப்பாவை வீசுவதும் பெரும்பாலும் கிணற்று மேட்டில்தான் நடக்கிறது. தண்ணீர் அங்கே இருக்கிறது என்பதால். இந்தப் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். டப்பா காலியானதும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரையும் ஸ்பிரேயரிலேயே ஊற்றிப் பயிருக்கு அடியுங்கள். இப்படி மூன்று தடவை. மருந்தும் வீணாகாது. பிறகு டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். யாரும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ எடுக்க முடியாது. ஸ்பிரேயரைக் கிணறு, வாய்க்கால், கம்மாயில் கழுவாதீர்கள்.

ஊர்க் குப்பை எங்கே போகிறது?

வீட்டை ஒழுங்கு செய்தால் மட்டும் போதாது. ஊர்க் குப்பை மொத்தமும் எங்கே கொட்டப்படுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஓடைக்கரை, கம்மாய் உள்வாய், சாலையோரப் பள்ளம். "சும்மா கிடக்கிற இடம்தானே" என்கிறார்கள். சும்மா கிடப்பது போல் தெரிகிற அந்தப் பள்ளத்தில்தான் மழைநீர் நின்று, நிலத்துக்குள் இறங்கி, ஊர்க் கிணறுகளுக்குப் போகிறது. சேமிப்புத் தொட்டியின் வாயில் குப்பையைக் கொட்டுவதும் இதுவும் ஒன்று.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரின் மேட்டில் குடியிருப்பவர் கொட்டுவதைப் பள்ளத்தில் குடியிருப்பவர் குடிக்கிறார். பள்ளத்தில் குடியிருப்பவர்கள் யார்? பல ஊர்களில் ஏழை பாழைகள், கூலிவேலை செய்பவர்கள். பாட்டில் தண்ணீரோ சுத்திகரிக்கும் மெஷினோ வாங்க வசதியில்லாதவர்கள். வயிற்றுப்போக்கில் ஒரு வாரம் படுத்தால் ஒரு வாரக் கூலி போச்சு. குப்பை கொட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, "இதற்குக் கீழே யார் கிணறு இருக்கிறது?" என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி நியாயம் கிடைத்துவிடும்.

இதைக் கேட்க ஒரு சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். ஊர்க் குப்பைக்கு ஓடை தவிர்த்த மேட்டுநிலம், மக்கும் குப்பைக்கு எருக்கூடம், மக்காததைச் சேர்த்து விற்க ஒரு கொட்டகை என்று தீர்மானம் போடுங்கள். எருவை விற்றால் ஊராட்சிக்கு வருமானமும் உண்டு.

தண்ணீரைச் சோதிப்பதும் காப்பதும்

கிணற்றுக்குத் தரைமட்டத்திலிருந்து இரண்டரை அடி கைப்பிடிச்சுவர் இருக்க வேண்டும். சுற்றிலும் சிமெண்ட் தளமும், சிந்திய தண்ணீர் ஓட வடிகாலும் வேண்டும். கிணற்றடியில் துணி துவைப்பது, மாடு குளிப்பாட்டுவது வேண்டாம்.

மழைக்காலத்தில் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். 1,000 லிட்டர் தண்ணீருக்கு நல்ல பவுடர் இரண்டரை கிராம். கிணற்றில் எத்தனை லிட்டர் இருக்கிறது? குறுக்களவை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 3 மீட்டர் குறுக்களவு, 3 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 21,200 லிட்டர். அதற்கு 53 கிராம் பவுடர். ஒரு வாளியில் பவுடரைப் போட்டுக் குழைத்து, முக்கால் வாளி தண்ணீர் விட்டுக் கலக்கி, 10 நிமிஷம் தெளிய விடுங்கள். தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் இறுத்து, கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலந்துவிடுங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பு கிணற்றுக்கு வேண்டாம். 1 மணி நேரமாவது கழித்துத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். ராத்திரி போட்டுக் காலையில் எடுப்பது உத்தமம். பவுடர் டப்பாவைத் திறந்து வைத்தால் வீரியம் போய்விடும். இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

சோதனைக்கு அலைய வேண்டியதில்லை. ஊராட்சியில் களப் பரிசோதனைப் பெட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு 5 பெண்கள் வீதம் இதற்குப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. அதில் ஒரு சின்னப் பாட்டில் இருக்கும். தண்ணீரை ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்பு இருந்தால் கறுப்பாகிவிடும். 1982-இல் நம் நாட்டு விஞ்ஞானிகள் வெளியிட்ட முறை இது; எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். நைட்ரேட் அறிய, சுத்தமான கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, 1 லிட்டர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுக்கலாம். வருஷத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்பும் பின்பும் பார்ப்பது நல்லது.

நைட்ரேட் மிகுந்த கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கத்தான் கூடாது. பயிருக்குத் தாராளமாகப் பாய்ச்சலாம். அதில் இருப்பது தழைச்சத்துதானே! அந்த அளவுக்கு யூரியாவைக் குறைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு குறைப்பது என்று பரிசோதனைச் சீட்டோடு வேளாண்மை அலுவலகத்துக்கு வந்தால் கணக்குப் போட்டுத் தருவோம்.

இன்றே செய்யக்கூடியது

நேயர்களே, நான் சொன்னதில் பாதிக்குக் காசு தேவையில்லை. ஒரு கயிறும் அரை மணி நேரமும் போதும். இன்று சாயங்காலம் கயிற்றில் 50 அடி அளந்து முடிச்சுப் போடுங்கள். ஒரு முனையைக் கிணற்றில் கட்டி, வீட்டைச் சுற்றி ஒரு வட்டம் வாருங்கள். அந்த வட்டத்துக்குள் எருக்குழி இருக்கிறதா, கக்கூஸ் குழி இருக்கிறதா, சாக்கடை தேங்குகிறதா, மருந்து டப்பா கிடக்கிறதா என்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாருங்கள். தொழுவத்துக் குழி உள்ளே இருந்தால், அதிலுள்ள எருவை வயலுக்கு அடித்துவிட்டு, குழியை மண்ணால் மூடி, அதன்மேல் இரண்டு வாழைக்கன்று நடுங்கள். மிச்சமிருக்கிற நைட்ரேட்டை வாழை எடுத்துக்கொள்ளும். தாராகப் போட்டுத் திருப்பித் தரும். புதுக்குழியை வட்டத்துக்கு வெளியே, பள்ளப்பக்கம் வெட்டுங்கள். கக்கூஸ் குழியை உடனே மாற்ற முடியாதவர்கள், மாற்றுகிற வரையில் குடிக்க அந்தக் கிணற்றை விட்டுப் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரை எடுங்கள்.

பருவமழை தொடங்குவதற்கு முன்னால் இந்த வேலை முடிய வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. அடுத்த வாரம் மழைக்கால நாற்றங்கால் பராமரிப்பு பற்றிப் பேசுவோம்.